பிஸ்டனா, டர்பைனா? விமானப் பராமரிப்பு படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

போன வாரம் கோபியிலிருந்து அக்கா போன். "தம்பி, இவன் பிளஸ் டூ முடிச்சுட்டு ஏரோப்ளேன் வேலைதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அதுலயும் பிஸ்டன்னு ஒண்ணு, டர்பைன்னு ஒண்ணு இருக்குதாமா. எதுல சேத்தறதுன்னு நீயே சொல்லிப்போடு" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. இதே கேள்வியோடு ஈரோட்டிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வளர்ந்தது சூலூர் பக்கம், அப்பாவின் ஆயில் என்ஜின் பட்டறையில். தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் இறைத்த ஒற்றை சிலிண்டர் என்ஜின்கள் ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய, வந்து வரிசையாக நிற்கும், தலைக்கு மேலே விமானப்படைத் தளத்து விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். பிறகு நான் பயிற்சி விமானங்களின் பிஸ்டன் என்ஜினில் ஏழு வருஷம், அதற்கப்புறம் பயணிகள் விமானங்களின் டர்பைனில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இரண்டிலும் கை வைத்தவன் என்பதால் இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது.

முதலில் எதற்கு இந்தத் தேர்வு என்று புரிய வேண்டும். விமானத்தில் வேலை செய்து முடித்து, இது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட டிஜிசிஏ (பொதுவிமானத் துறையை மேற்பார்க்கிற மத்திய அரசு அமைப்பு) தருகிற லைசென்ஸ் வேண்டும். அதில் பி1 என்பது என்ஜினும் விமானத்தின் உடலும், பி2 என்பது மின்னணுக் கருவிகள். பி1-க்குள் நாலு கிளை: பி1.1 டர்பைன் விமானம், பி1.2 பிஸ்டன் விமானம், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர், பி1.4 பிஸ்டன் ஹெலிகாப்டர். பாடங்கள் மாட்யூல் மாட்யூலாக இருக்கும். கணக்கு, இயற்பியல், மின்சாரம், பொருட்கள், மனிதத் தவறுகள், சட்டம் என்று பெரும்பகுதி எல்லோருக்கும் பொது. பிரிகிற முக்கியமான இடம் என்ஜின்தான்: 15-வது மாட்யூல் டர்பைன், 16-வது மாட்யூல் பிஸ்டன். 17-வது புரொப்பெல்லர், அதை விமானம் படிக்கிற இரண்டு தரப்பும் எழுதியாக வேண்டும். ஆக இது இரண்டு வேறு படிப்பு இல்லை. ஒரே மரத்தில் இரண்டு கிளை.

என்ஜின்களும் அப்படித்தான். காற்றை உள்ளே இழு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு. 1876-ல் ஓட்டோ ஓட்டிக் காட்டிய நாலு ஸ்ட்ரோக் என்ஜினும் இதைத்தான் செய்தது, இன்று பீளமேட்டில் இறங்குகிற ஏர்பஸ்ஸின் என்ஜினும் இதைத்தான் செய்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், காங்கேயம் வெள்ளக்கோவில் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: பிஸ்டன் என்பது செக்கு, டர்பைன் என்பது எக்ஸ்பெல்லர். செக்கில் ஒரு ஈடு கொப்பரை போட்டு, ஆட்டி, எண்ணெயை எடுத்து, புண்ணாக்கை வழித்துவிட்டுத்தான் அடுத்த ஈடு. ஒரே உரலுக்குள் எல்லா வேலையும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. எக்ஸ்பெல்லரில் ஒரு பக்கம் கொப்பரை விழுந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் எண்ணெயும் புண்ணாக்கும் வந்துகொண்டே இருக்கும். டர்பைனில் முன்னால் கம்ப்ரஸர், நடுவே எரியும் அறை, பின்னால் டர்பைன் சக்கரம். நாலு வேலையும் நாலு இடத்தில் ஒரே நேரத்தில் நிற்காமல் நடக்கும். அதனால்தான் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சக்தி எடுக்க முடிகிறது.

டர்பைனிலும் ஒரே வகை இல்லை. எரிந்த வாயுவை அப்படியே பின்னால் பீய்ச்சி அந்த உதையிலேயே பறப்பது டர்போஜெட். 1939 ஆகஸ்டில் ஜெர்மனியில் பறந்த ஹைங்கல் விமானம்தான் அந்த வகையில் முதல். எரிபொருளை நிறையக் குடிக்கும், காது கிழியும் சத்தம். முன்னால் பெரிய விசிறி வைத்து, காற்றில் ஒரு பகுதியை (பயணிகள் விமானத்தில் பெரும்பகுதியை) எரியும் அறைக்குள் விடாமல் சுற்றிக்கொண்டு போகவிடுவது டர்போஃபேன். ஏ320நியோவில் வருகிற லீப் என்ஜினில் உள்ளே போகிற ஒரு பங்கு காற்றுக்கு வெளியே சுற்றிப் போவது 11 பங்கு. டர்பைன் சக்தியை கியர் வழியாக புரொப்பெல்லருக்குக் கொடுத்தால் டர்போப்ராப், ஹெலிகாப்டரின் மேல் சுழலிக்குக் கொடுத்தால் டர்போஷாஃப்ட். டர்போஜெட் தவிர மற்ற மூன்றையும் பார்க்க நாம் வெளியூர் போக வேண்டியதே இல்லை. சூலூர் தளத்தில் தேஜஸ் போர் விமானம் இருக்கிறது, அதில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404, அது டர்போஃபேன் வகை. ஏஎன்-32 சரக்கு விமானம் டர்போப்ராப், ஒவ்வொரு என்ஜினும் சுமார் 5,000 குதிரைத்திறன். விமானப்படையின் சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டரில் இருப்பது டர்போஷாஃப்ட். சேலம் காமலாபுரத்தில் வந்து இறங்குகிற ஏடிஆர் பயணிகள் விமானமும் டர்போப்ராப்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பல பெற்றோர் இதில் ஏமாந்து போகிறார்கள். டிஜிசிஏ லைசென்ஸ் வாங்கினால் சூலூரில் வேலை கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விமானப்படைக்கு ஆள் எடுப்பு தனி, பயிற்சியும் தனி. இந்த லைசென்ஸ் பொதுவிமானத் துறைக்கு.

சரி, பிஸ்டனுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன், என் மனசு இதில்தான் இருக்கிறது.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த என்ஜினைச் செய்தவர் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். அவர்களுடைய சைக்கிள் கடையில் ஒரு லேத், ஒரு டிரில் மெஷின், அவ்வளவுதான். அலுமினியத்தில் கிராங்க்கேஸை வார்த்து வாங்கி, ஆறே வாரத்தில் நாலு சிலிண்டர் என்ஜினைக் கட்டி முடித்தார், சுமார் 12 குதிரைத்திறன். கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத் ஓட்டி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் ஒரு சந்தோஷம் வரும், எனக்கு இன்றும் வருகிறது. அதற்கப்புறம் சிலிண்டர்களை அடுக்குகிற விதம் மாறிக்கொண்டே வந்தது. வரிசையாக நிறுத்தினார்கள். இரண்டு வரிசையைச் சாய்த்து வி வடிவில் வைத்தார்கள், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் என்ஜின் அப்படி 12 சிலிண்டர், 27 லிட்டர். முதல் உலகப்போர் காலத்தில் கிராங்கை, அதாவது பிஸ்டன் சுழற்றுகிற தண்டை, அசையாமல் பூட்டிவிட்டு சிலிண்டர்களையே சுற்றவிட்ட ரோட்டரி என்ஜின்கூட இருந்தது. நட்சத்திரம் போலச் சுற்றி அடுக்கினால் ரேடியல். டகோட்டா விமானத்தின் ட்வின் வாஸ்ப் ஏழேழாக இரண்டு வரிசை, 14 சிலிண்டர். ரேடியலில் ஒரு சங்கடம், நிறுத்தி வைத்திருக்கும்போது கீழே தலைகுப்புற இருக்கிற சிலிண்டருக்குள் ஆயில் கசிந்து நிறைந்துவிடும், பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள்.

இன்று பயிற்சி விமானங்களில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் எதிரெதிர் படுத்த சிலிண்டர்கள். செஸ்னா 172-ல் லைகோமிங் கம்பெனியின் என்ஜின். அதில் 320 வகையை எடுத்துக்கொண்டால் நாலு சிலிண்டர், 5.2 லிட்டர், 150-லிருந்து 160 குதிரைத்திறன். உடனே பையன்கள் கேட்பார்கள், 1.2 லிட்டர் கார் என்ஜினே 80 குதிரைத்திறன் தருகிறதே, இவ்வளவு பெரிய என்ஜின் ஏன் இவ்வளவு குறைவாகத் தருகிறது என்று. நல்ல கேள்வி. கார் என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் போய்த்தான் அந்தச் சக்தியைத் தரும், அதுவும் எப்போதாவது. இங்கே கிராங்கின் நுனியிலேயே புரொப்பெல்லரைப் பூட்டியிருக்கிறது. 1.93 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் 2,700 சுற்றில் போனால் அதன் நுனி நொடிக்கு 270 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இன்னும் கூட்டினால் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும், அப்புறம் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. அதனால் மெதுவாகச் சுற்றி, பெரிய சிலிண்டரில் ஓங்கி அடிக்கிறது. அந்த அடியை முக்கால் சக்தியில் மணிக்கணக்காக நிறுத்தாமல் அடிக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 912எஸ் வேறு வழியில் போகிறது: 1.35 லிட்டர், 5,800 சுற்று, 100 குதிரைத்திறன், நடுவே வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ். சின்ன விமானங்களில் அது அருமையான என்ஜின்.

லைகோமிங்கின் சிலிண்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் கீழே எஃகுக் குழல், மேலே அலுமினியத் தலை, இரண்டிலும் காற்றில் ஆறுவதற்கு மெல்லிய தகடுகள். தலைக்கும் குழலுக்கும் நடுவே போல்ட்டும் இல்லை, கேஸ்கெட்டும் இல்லை. தலையைச் சூடாக்கி விரித்து, மரையில் குழலைத் திருகிவிடுகிறார்கள்; ஆறினால் இறுகிக்கொள்ளும், பிறகு சாதாரணப் பட்டறையில் பிரிக்க முடியாது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுகிற அதே வித்தை.

ஒரு தடவை லீவில் வரும்போது, கழித்துப்போட்ட ஒரு சிலிண்டரை அப்பாவிடம் காட்டக் கொண்டுவந்தேன். அவர் உள்விட்டம் அளக்கிற போர் கேஜை உள்ளே விட்டு மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மேல சின்னதா இருக்குதே, போரிங் போட்டவன் கோட்டை விட்டுட்டான்" என்றார். அவர் அனுபவத்தில் டேப்பர், அதாவது ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், என்றாலே தேய்மானம், அதுவும் மேல் ரிங் உரசுகிற இடத்தில் தேய்ந்து மேல்பக்கம் அகலமாகத்தான் ஆகும். இது நேர் எதிர். தலைப்பக்கம் அதிகம் சூடேறும், அதிகம் விரியும். அதனால் குளிர்ந்திருக்கும்போது மேலே ஒரு முடியளவு குறுகலாகவே செய்கிறார்கள், ஓடிச் சூடேறினால் குழல் நேராகிவிடும். அதை சோக் என்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் அப்பா சிலிண்டரைத் திண்ணையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதை யோசிச்சவன் பட்டறைக்காரனாத்தான் இருப்பான்" என்றார்.

பிஸ்டன் அலுமினியம். அதில் மேலே அமுக்கத்தைப் பிடிக்கிற ரிங்குகள், கீழே ஆயிலை வழிக்கிற ரிங். ரிங் மாட்டும்போது வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமுக்கம் அந்த வழியாகவே கீழே ஓடும். குரோம் பூசின குழலுக்குக் குரோம் ரிங் போடவே கூடாது, ஒன்றையொன்று தின்றுவிடும். கனெக்டிங் ராடு பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைக் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியாக மாற்றுகிறது. கிராங்க் குரோம், நிக்கல், மாலிப்டினம் கலந்த எஃகில் அடித்துச் செய்தது, என்ஜினிலேயே அதிகம் அடி வாங்குகிற பாகம். தரையில் புரொப்பெல்லர் எங்காவது இடித்து என்ஜின் சட்டென்று நின்றால், வெளியே ஒரு கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே கிராங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றி, டேப்பட், புஷ் ராடு, ராக்கர் வழியாக வால்வைத் திறக்கிறது. லைகோமிங்கில் கேம் இருப்பது கிராங்குக்கு மேலே. ஓடும்போது ஆயில் தெறித்து நனைந்துகொண்டே இருக்கும், வாரக்கணக்கில் நிறுத்திப்போட்டால் ஆயில் வடிந்து கேம் காய்ந்துபோகும். ஐப்பசி மழையில் ஹேங்கருக்குள் (விமானம் நிறுத்துகிற கொட்டகை) ஈரம் ஏறினால் கேமின் முகத்தில் துரு பிடிக்கும், அடுத்து ஓட்டும்போது அந்தத் துரு டேப்பட்டை அரைத்துவிடும். 2,000 மணி நேரம் ஓட வேண்டிய என்ஜின் ஓடாமல் நின்றே கெட்டுப்போவது இப்படித்தான். நம் கிணற்று என்ஜினும் இப்படித்தானே கெட்டது? கரண்ட் மோட்டார் வந்த பிறகு மூலையில் நின்ற என்ஜின்கள்தான் அப்பாவிடம் அதிகம் வந்தன.

எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு உள்ளே வெற்றிடம், அதில் பாதிக்கு மேல் சோடியம். 98 டிகிரியில் உருகி, வால்வு ஆடும்போது மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகிறது. பழைய வால்வு கிடைத்தால் உளி செய்யலாம் என்று அறுத்துவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் சோடியம் தீப்பிடிக்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்; அவற்றுக்குப் பொறி கொடுக்க என்ஜினுக்கு மொத்தம் இரண்டு மேக்னட்டோ. மேக்னட்டோ தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும், பேட்டரி முழுக்கச் செத்தாலும் என்ஜின் ஓடும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்பது பாதிக் காரணம்தான். 130 மில்லிமீட்டர் அகலச் சிலிண்டரில் இரண்டு பக்கமும் தீ பற்றினால்தான் கலவை ஒழுங்காக எரியும். ஓடுதளத்துக்குப் போவதற்கு முன்னால் 1,800 சுற்றில் வைத்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். செஸ்னா 172-எஸ்ஸில் 150 சுற்றுக்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் நடுவே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. கார்புரேட்டர் உள்ள என்ஜினில் இன்னொரு எதிரி பனிக்கட்டி. கோயம்புத்தூரில் ஏது பனி என்று கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டைக்குள் வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கலாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி கட்டி மூச்சை அடைக்கலாம். அதற்குத்தான் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு கைப்பிடி இருக்கிறது.

பிஸ்டன் என்ஜின் ஆளிடம் பேசும் என்று நான் எப்போதும் சொல்வேன். கம்ப்ரஷன் டெஸ்ட்டில் சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்போம். 76 நின்றால் நல்ல சிலிண்டர். குறைந்தால் காதை வைத்துக் கேட்க வேண்டும். சைலன்சர் குழாயில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகிற வழியில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றுகிற வாயில் கேட்டால் ரிங். ஆரம்பத்தில் ஒரு என்ஜினில் 58 காட்டியது, குழாயில் உஸ் சத்தம். வால்வு போய்விட்டது என்று முடிவு பண்ணி சிலிண்டரையே கழற்றிவிட்டேன். பார்த்தால் வால்வின் விளிம்பில் ஒரு துணுக்கு கார்பன். என் மேலதிகாரி கோபப்படவில்லை, "ஒரு தடவை சூடாக ஓட்டிவிட்டு மறுபடி அளந்திருந்தால் அதுவே போயிருக்கும், தேவையில்லாமல் கழற்றின சிலிண்டர்தான் அடுத்த பழுதுக்கு ஆரம்பம்" என்று மட்டும் சொன்னார். பத்து வருஷம் கழித்து டர்பைனில் வேலை செய்யும்போதும் அந்த வார்த்தைதான் என்னைப் பலமுறை காப்பாற்றியது.

டர்பைனில் வேலை வேறு மாதிரி. நகர்கிற பாகங்கள் குறைவு, எல்லாம் மேலும் கீழும் அடிக்காமல் சுற்றுபவை, அதிர்வு குறைவு, அதனால் நம்பகம் அதிகம். ஆனால் உள்ளே இருக்கிற சூடு பயங்கரம்: பெரிய என்ஜின்களில் டர்பைன் பிளேடுக்கு வருகிற வாயு அந்த உலோகம் உருகும் வெப்பத்தையும் தாண்டியது, பிளேடுக்குள் துளைகள் போட்டுக் காற்றை ஓடவிட்டுத்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். ஸ்டார்ட் பண்ணும்போது சுற்று ஏறாமல் எரிபொருள் பற்றிக்கொண்டால் சில நொடிகளில் பிளேடுகள் வெந்துவிடும். அந்த நொடிகளில் கண் வெப்பமானியை விட்டு அகலக்கூடாது. தரையில் விட்டுப்போன ஒரு நட்டு போதும், கம்ப்ரஸர் முழுக்கச் சிதையும். நீங்கள் என்ஜினைப் பிரிக்கப் போவதில்லை. பிளக் துளை மாதிரி ஒரு துளை வழியாகக் கேமராவை விட்டுப் பிளேடு பிளேடாகப் பார்ப்பீர்கள், கணினி சொல்கிற செய்தியைப் படிப்பீர்கள், கெட்ட பாகத்தைக் கழற்றி வேறு மாட்டுவீர்கள். பிரிப்பது அதற்கென்று இருக்கிற பெரிய பட்டறையில் நடக்கும். கை வேலையை விடப் பொறுமையும் ஒழுங்கும் படிப்பும்தான் அங்கே வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் நிச்சயம்.

சக்தி கணக்குப் பார்த்தால் டர்பைனோடு பிஸ்டன் போட்டி போடவே முடியாது. செஸ்னா கேரவன் விமானத்தின் பிடி6 என்ஜின் சுமார் 160 கிலோ, 675 குதிரைத்திறன். லைகோமிங் 320 வகை 110 கிலோவுக்கு மேல், 160 குதிரைத்திறன். பிறகு ஏன் பயிற்சிப் பள்ளிகளின் சின்ன விமானத்தில் டர்பைன் போடுவதில்லை? விலை ஒரு காரணம். இன்னொன்று, சின்ன டர்பைன் எரிபொருளை வீணடிக்கும், அதுவும் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது இன்னும் அதிகமாக. செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டரில் பையனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துவிடும்.

வேலை வாய்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் பயணிகள் விமான நிறுவனங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏர்பஸ், போயிங், ஏடிஆர். அத்தனையும் டர்பைன். பிஸ்டன் இருப்பது பெரும்பாலும் விமானப் பயிற்சிப் பள்ளிகளில். சேலத்தில் இப்போது பயிற்சி நடக்கிறது, மற்றபடி வெளியூர், வெளிமாநிலம். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றல்ல, டர்பைன் பக்கம் நன்றாகவே அதிகம், ஆனால் அடிப்படை லைசென்ஸ் மட்டும் போதாது, விமானத்தின் வகைக்கென்று தனி ரேட்டிங் வாங்க வேண்டும், அதற்கும் காலமும் பணமும் ஆகும். பிஸ்டன் லைசென்ஸுக்குக் கேட்கிற அனுபவக் காலம் குறைவு, சீக்கிரம் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிடலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: டர்பைன் லைசென்ஸ் இருப்பவர் பின்னால் பிஸ்டனைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிற அனுபவம் குறைவு, பிஸ்டன் இருப்பவர் டர்பைனுக்குப் போகக் கேட்பது அதைவிட மிக அதிகம். வாசல் ஒரு பக்கம்தான் அகலமாகத் திறக்கிறது.

நடுவில் ஒரு வழி தெரிகிறதா என்றால், டீசல் பிஸ்டன் இருக்கிறது. டைமண்ட் விமானங்களில் வருகிற ஆஸ்ட்ரோ என்ஜின், மெர்சிடிஸ் கார் டீசலை அடிப்படையாகக் கொண்டது, 168 குதிரைத்திறன், ஜெட் விமானத்துக்கு ஊற்றுகிற அதே மண்ணெண்ணெயில் ஓடும். லைகோமிங்குக்குப் பொதுவாக ஊற்றுவது ஏவ்கேஸ் என்ற ஈயம் கலந்த நீல நிற விமானப் பெட்ரோல், அது எல்லா ஊரிலும் கிடைக்காது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் டீசலோடு வளர்ந்த பையன்களுக்கு இந்த என்ஜின் உடனே பிடித்துப்போகும். ஆனாலும் லைசென்ஸில் இதுவும் பிஸ்டன்தான், மேலே சொன்ன கணக்கு மாறாது.

ஆக, என் முடிவு இது. கடன் வாங்கிப் படிக்கிற வீடு, வேலைதான் முதல் தேவை என்றால் பி1.1-ல் சேருங்கள், யோசிக்க வேண்டாம். தோட்டமோ தொழிலோ வீட்டைத் தாங்குகிறது, பையனுக்கு என்ஜினைப் பிரித்துப் போட்டால்தான் தூக்கம் வரும் என்றால் பி1.2 மரியாதையான படிப்பு, அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் ஒரு மேக்னட்டோவைக்கூட டைமிங் வைத்திருக்க மாட்டார்கள். பி1.1 எடுத்தாலும் 16-வது மாட்யூல் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், முடிந்தால் பரீட்சையும் எழுதிவிடுங்கள். டர்பைனில் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, எண்களாகத்தான் பார்க்க முடியும். பிஸ்டனில் காதும் கையும் பழகினவனுக்கு அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியும். என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு தரப்பையும் பார்த்து இதைச் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் சேரப்போகிற இடத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். நான் ஒரு தடவை உறவுக்காரப் பையனுக்காக ஓர் இடத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஹேங்கரில் ஒரு விமானம் நின்றது, பெயின்ட் பளபளப்பு. புரொப்பெல்லரைக் கையால் தள்ளிப் பார்த்தேன், அமுக்கமே இல்லை, பிளக் துளைகளில் சிலந்தி வலை. பிள்ளைகள் மூன்று வருஷம் அதைச் சுற்றி நின்று போட்டோதான் எடுத்திருந்தார்கள். அதனால் கேளுங்கள்: என்ஜின் கடைசியாக எப்போது ஓடியது, மாணவர்கள் சிலிண்டரைக் கழற்றி மாட்டுகிறார்களா, அமுக்கம் அளக்கிற கருவி எங்கே, கேமரா குழாய் எங்கே, டிஜிசிஏ அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரைக்கும். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

அக்கா வீட்டில் கடன் இருக்கிறது. அதனால் பி1.1-தான், அதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் போனை வாங்கி, "மாமா, சத்தத்தைக் கேட்டே என்ன பழுதுன்னு சொல்லணும், அதுக்கு எதுல சேரணும்?" என்றான். காலேஜ் திறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது மாப்பிள்ளை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூலூருக்கு வந்துவிடு என்றேன். அப்பாவின் பட்டறையில் அந்த சோக் சிலிண்டர் இன்னும் இருக்கிறது, போர் கேஜும் இருக்கிறது.